பட்டியல் எடுத்த அன்று

ரெக்கார்டரைக் கணினியில் செருகியதும் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எதுவும் வரவில்லை. கழற்றி மறுபடி செருகினேன். பக்கத்துத் துளையில் செருகினேன். வயரை மாற்றிப் பார்த்தேன். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "அம்மா குரலு அதுல இருக்குதா இல்லியா, டீச்சர்?"

"இருக்கும்மா. கொஞ்சம் இரு" என்றேன். இருக்கிறதா என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது.

அவள் அம்மா, திருவிடந்தையின் கடற்கரைக் குப்பத்தில் இருந்தவர். நாற்பது வருடம் மீன்கூடை சுமந்து கோவளத்திலும் கேளம்பாக்கத்திலும் விற்றவர். சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு அவரைத்தான் தேடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் பாட, நான் பதிவு செய்தேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று என் வீட்டுக்குள் வர மறுத்துவிட்டார். சவுக்குத்தோப்பில் உட்கார்ந்து மூன்று மத்தியானங்களில் ஐந்து பாட்டுகள் பாடினார். நான்கு பாட்டுகள் ஊருக்குத் தெரிந்தவை. ஐந்தாவது, தன் புருஷன் செத்த அன்று வாய்விட்டுப் பாட முடியாமல் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டது. எந்த வருடம் எதற்காக அடித்தான், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று பேர் பேராக வரும். பாடி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். "நீ கேளு. எழுதிக்கோ. வேற யாரு மிஷின்லயும் இதப் போடாத."

போட மாட்டேன் என்றேன். இப்போது அவர் இல்லை. நாளை மறுநாள் கருமாதி. அதற்குள் அம்மாவின் குரலைத் தன் போனில் ஏற்றிக்கொள்ள மகள் வந்திருந்தாள். ரெக்கார்டரிலேயே கேட்கலாம் என்றால், அதன் ஸ்பீக்கரையும் ஹெட்போன் துளையையும் கடற்காற்று தின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாம் உப்புக்கு இரைதான். கணினியில் செருகினால்தான் அது பேசும். நான்கு மாதங்களுக்கு முன்பு அப்படிச் செருகிக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டதோடு சரி, பிரதி எடுத்து வைக்கவில்லை. அது என் முதல் தவறு. இரண்டாவது தவறு என்ன என்பது அன்று மாலைதான் தெரிந்தது.

கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், "வீட்ல சார் இருந்தா குடுங்க மேடம்" என்றார் அந்தப் பையன். சார் யாரும் இல்லை, கணினி என்னுடையது என்றேன். "அப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம். இல்லன்னா அந்த ரெக்கார்டரைக் கொண்டாங்க, எங்க சிஸ்டத்துல காப்பி பண்ணித் தர்றோம்." முதல் வழியில் என் வேலையெல்லாம் போகும். இரண்டாவது வழியில் நான் கொடுத்த வாக்கு போகும். வைத்துவிட்டேன்.

*

நான் கணினி படித்தவள் இல்லை, தமிழ் படித்தவள். என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டதற்கு முதல் காரணம் காசு. புதுக் கணினி வாங்க முடியாத ஒரு வருடத்தில், பழையதையே ஓட வைக்க அதுதான் வழியாக இருந்தது. தமிழிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் கைகொடுத்தன. ஒரு பெண் எழுதிய தமிழ் நூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டியது எனக்குப் பெரிய தைரியம். 'சார் இருந்தா குடுங்க' என்று அந்தப் புத்தகம் கேட்கவில்லை.

லினக்ஸின் நடுவில் இருப்பது கெர்னல். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அந்தச் சொல்லின் பொருள். என் அம்மா அதை ராணுவத்துக் கர்னல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதிலும் தப்பில்லை. விசைப்பலகை, திரை, வட்டு, ஒலி என்று எந்தக் கருவியும் இதன் அனுமதி இல்லாமல் எதையும் செய்ய முடியாது. நாம் திறக்கும் உலாவியோ எழுத்துச் செயலியோ நேரடியாக வட்டைத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்கும், கெர்னல் எடுத்துக் கொடுக்கும். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

இது ஒற்றைக்கல் வகைக் கெர்னல் என்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களும் ஒற்றைக்கல். பாறையில் குடைந்தது குடைந்ததுதான், பிறகு ஒரு தூணைக் கொண்டுவந்து சேர்க்க இடமில்லை. சற்றுத் தள்ளி நிற்கும் கடற்கரைக் கோயில் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிக் கட்டியது. லினக்ஸ் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறது. உடல் ஒற்றைக்கல். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய துண்டுகளை உள்ளே ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். அந்தத் துண்டுகளுக்கு மாட்யூல் என்று பெயர். எனக்கு இடைச்சொல் நினைவுக்கு வரும். தனியே நின்றால் அதற்கு வேலையில்லை. பெயரோடோ வினையோடோ சேர்ந்தால்தான் பொருள். ஆனால் அது இல்லாவிட்டால் வாக்கியம் நகராது.

கெர்னலை நாமே சமைத்துக்கொள்ளலாம். அதன் மூல நிரல் 2 கோடி வரிகளுக்கும் அதிகம். அதில் பாதிக்கும் மேல் கருவிகளுக்கானது. உலகத்தில் யாரிடம் என்ன கருவி இருந்தாலும் பேச வேண்டும் அல்லவா. சமைப்பதற்கு முன் அது நம்மைக் கேள்வி கேட்கும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள், பெரும்பாலானவற்றுக்கு மூன்றே பதில். 'ஒய்' என்றால் கெர்னலோடு ஒட்டிப் பிறக்கும். 'எம்' என்றால் மாட்யூலாகத் தனியே இருந்து தேவைப்படும்போது வரும். 'என்' என்றால் இல்லை. லினக்ஸை நமக்கு விநியோகிப்பவர்களுக்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் பெரும்பாலானவற்றுக்கு 'எம்' போட்டு, சில ஆயிரம் மாட்யூல்களை எல்லோர் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். நம் கணினி அதில் நூறு, நூற்றைம்பதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மடிக்கணினியை மூடித் திறந்தால் தொடுபலகை செத்துப்போகும் கோளாறு எனக்கு இருந்தது. புதிய கெர்னலில் அது சரியாகிவிட்டது என்று படித்தேன். தயாராக இருந்த ஒன்றை இறக்கியிருக்கலாம். ஒருமுறை நானே பொங்கிப் பார்க்கும் ஆசை விடவில்லை. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் முழுக் கெர்னலையும் சமைக்க விட்டுத் தூங்கப் போனேன். இரவெல்லாம் விசிறி இரைந்தது. காலையில் பார்த்தால் வட்டு நிரம்பி வேலை பாதியில் நின்றிருந்தது.

அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. லோக்கல்மாட்கான்ஃபிக் என்பது அதன் பெயர். கெர்னல் உருவாக்குநர்களில் ஒருவரான ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2009இல் வந்த 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. இப்போது இந்தக் கணினியில் என்னென்ன மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று பட்டியல் எடுக்கும். பட்டியலில் இல்லாத மாட்யூல்களுக்கெல்லாம் தானே 'என்' போட்டுவிடும். ராத்திரி முழுக்க ஓடியும் முடியாத வேலை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தொடுபலகையும் உயிர்பெற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், இடத்தை அடைக்கிறதே என்று பழைய கெர்னலை நீக்கிவிட்டேன். புதியது சரிப்படாவிட்டால் திரும்பிப் போகப் பழையது ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது பாலபாடம். விதைநெல்லைச் சோறாக்கிவிட்டேன்.

*

அன்று மாலைக்கு வருகிறேன். கடைப் பையனின் குரலை மறக்க முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் கேள்வி: கருவி உயிரோடு இருக்கிறதா? யூஎஸ்பி துளைகளில் என்னென்ன செருகியிருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். ரெக்கார்டரின் பெயர் வந்தது. ஆக, வயரும் துளையும் சரி. அது அங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிகிறது.

இரண்டாவது கேள்வி: தெரிந்தும் ஏன் பேசவில்லை? கெர்னல் தன் நாட்குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டே இருக்கும். டிமெசேஜ் என்று தட்டினால் படிக்கலாம். கடைசி வரிகளைப் பார்த்தேன். புதிய யூஎஸ்பி கருவி வந்திருக்கிறது, தயாரித்தவர் இன்னார், பெயர் இன்னது. அவ்வளவுதான். பிழை என்றோ, முடியவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. வந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, வாசலிலேயே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

பிழைச் செய்தி வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒன்றுமே சொல்லாதபோது என்ன செய்வது? இங்கேதான் நான் படித்த தமிழ் உதவியது. ஓர் ஏட்டில் ஓர் அடி விடுபட்டிருப்பது அந்த ஏட்டை மட்டும் பார்த்தால் பல நேரம் தெரியாது. இன்னொரு பிரதியோடு வைத்து ஒப்புநோக்க வேண்டும். கணினியின் பழைய நாட்குறிப்புகளும் வட்டில் சேமித்திருந்தன. நான்கு மாதங்களுக்கு முன்பு, இதே ரெக்கார்டரைச் செருகிய நாளின் பக்கங்களைத் தேடி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெயர் வரைக்கும் இரண்டும் ஒன்று. பழையதில் அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தது: யூஎஸ்பி ஸ்டோரேஜ், சேமிப்புக் கருவி கண்டறியப்பட்டது. புதியதில் அந்த வரி இல்லை.

யூஎஸ்பி ஸ்டோரேஜ் என்பது ஒரு மாட்யூல். பென்டிரைவ், ரெக்கார்டர், கேமரா போன்றவற்றின் வயிற்றில் இருப்பதை வட்டாகக் காட்டுவது அதுதான். ஏற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று பதில் வந்தது. நான் சமைத்த கெர்னலின் அமைப்புக் கோப்பைத் திறந்து தேடினேன். வரி இருந்தது. முன்னால் ஒரு குறி போட்டு, கருத்துரையாக ஒதுக்கி, யூஎஸ்பி ஸ்டோரேஜ் 'அமைக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

அமைக்கப்படவில்லை. செயப்பாட்டு வினை. வகுப்பில் நான் பலமுறை சொல்வது உண்டு: செயப்பாட்டு வினையைக் கண்டால் 'யாரால்' என்று கேளுங்கள். பெண்ணுக்குப் படிப்பு நிறுத்தப்பட்டது, யாரால்? பெயர் சேர்க்கப்படவில்லை, யாரால்? அன்று அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அமைக்காதவள் நான். பட்டியல் எடுத்த அன்று ரெக்கார்டர் அலமாரியில் இருந்தது. செருகியிருக்கவில்லை, அதனால் அதற்கான மாட்யூல் ஏறியிருக்கவில்லை, அதனால் பட்டியலில் வரவில்லை, அதனால் 'என்'. யாருக்கும் அதன்மேல் பகை இல்லை. அன்றைக்கு அங்கே இல்லை என்பது மட்டும்தான் காரணம்.

இதைவிட மோசமான ஒன்றும் அந்தக் கோப்பில் கண்ணில் பட்டது. யூஎஸ்பி ஸ்டோரேஜைச் சார்ந்து நிற்கும் சில கூறுகள் உண்டு. தாய் 'இல்லை' என்றானதும், அவற்றுக்கு 'இல்லை' என்ற வரிகூட இல்லை. கோப்பைப் படிப்பவருக்கு அப்படி ஒன்று உலகத்தில் இருந்தது என்றே தெரியாது.

"என்ன டீச்சர் ஆச்சு?" என்றாள்.

"தப்பு என்மேலதான். சரிபண்ணலாம். ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆவட்டும். நான் எங்க போறேன்."

*

மூல நிரல் இன்னும் வட்டில் இருந்தது. அமைப்புப் பட்டியலைத் திறந்து, கருவிகள், அதற்குள் யூஎஸ்பி, அதற்குள் சேமிப்பு என்று இறங்கி, 'எம்' என்று போட்டேன். சமைக்க விட்டேன். முழுதும் மறுபடி வேண்டியதில்லை. மாறியதை மட்டும் செய்யும்.

வேலை ஓடும்போது அவளுக்குக் காபி போட்டேன். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் நித்யகல்யாணர். காலவ முனிவருக்கு 360 பெண்கள். பெருமாள் பிரம்மச்சாரியாக வந்து நாளுக்கு ஒருத்தியாக மணந்துகொண்டார். கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கி, அகிலவல்லி என்று பெயரிட்டு இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு வந்து பிராகாரம் சுற்றுவது இதனால்தான். அவள் சொன்னாள்: "எங்கம்மா கேக்கும் டீச்சர். முந்நூத்தி அறுவது பொண்ணுக்கும் ஒருத்தி பேருதானா, மத்ததுக்கெல்லாம் அப்பன் பேரே வெக்கலியான்னு." சிரித்தோம். அவள் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்திருக்கலாம்.

அந்தக் காத்திருப்பில் எனக்கு இன்னும் ஆறு பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். 1946இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. ஓர் அறையை நிறைத்த இயந்திரம், ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழல்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். கையேடு கிடையாது. தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் போகவும் அனுமதி இல்லை. வரைபடங்களை வைத்தே கற்றுக்கொண்டார்கள். ஏதாவது கோளாறு என்றால், அத்தனை ஆயிரம் குழல்களில் எது பழுது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். வெற்றியைக் கொண்டாடிய விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் இருக்கும் இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தார். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் வந்தது. படத்தில் இருந்தும், பட்டியலில் இல்லை. கிளைமன் அவர்களைத் தேடிப் போய், அவர்கள் வாயாலேயே கதையைக் கேட்டுப் பதிந்தார்.

குப்பத்தில் இது பழக்கமான கணக்குத்தான். மீனவர் என்றதும் நம் மனசில் வருவது கட்டுமரத்தில் நிற்கும் ஆண். 2004 சுனாமிக்குப் பிறகு இழப்பைக் கணக்கெடுக்க வந்தவர்கள் படகையும் வலையையும் இன்ஜினையும் எழுதிக்கொண்டார்கள் என்று அந்த அம்மாவே தோப்பில் சொன்னார். அவர் கூடை, தராசு, கையில் சுழன்ற கடன்காசு, விடிகாலையில் மீன் எடுக்கும் உரிமை, இதெல்லாம் அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. "அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். வந்தவனுக்கு நான் இருக்கறதே தெரியாது" என்றார்.

*

கால் மணி நேரத்தில் மாட்யூல் தயார். ஓடிக்கொண்டிருந்த கெர்னலிலேயே ஏற்றினேன், மறுதொடக்கம்கூட வேண்டியிருக்கவில்லை. ரெக்கார்டரைச் செருகினேன். நாட்குறிப்பில் அந்த விடுபட்ட வரி வந்தது. அவள் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

திறக்கவில்லை. இந்த முறை வாய்விட்டுச் சொன்னது: வீஃபேட் என்ற கோப்பு முறை எனக்குத் தெரியாது. ரெக்கார்டர் தன் கோப்புகளை அடுக்கும் விதத்துக்கு வீஃபேட் என்று பெயர். அதற்கும் தனி மாட்யூல். என் கணினியின் வட்டு வேறு முறையில் அடுக்கியது, அதனால் பட்டியல் எடுத்த அன்று அதுவும் ஏறியிருக்கவில்லை. மறுபடி 'எம்', மறுபடி சமையல்.

மறுபடி செருகினேன். மறுபடி திறக்கவில்லை. இப்போது மூன்றாவது கதவு: குறியீட்டுப் பக்கம் 437 கிடைக்கவில்லை. கோப்புகளின் பெயரைப் படிக்க அதற்கு ஓர் எழுத்து அட்டவணை வேண்டும். 437 என்பது 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் அட்டவணை. 256 இடங்கள். ஆங்கிலம், சில ஐரோப்பிய எழுத்துகள், கோடு போடும் கட்டங்கள், சிரிக்கும் முகம்கூட உண்டு. தமிழ் கிடையாது. தமிழுக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான இடம் யூனிகோடு முதல் பதிப்பில், 1991இல்தான் வந்தது. லினக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு. எங்கள் குப்பத்து ஒப்பாரியைத் திறக்க, தமிழே இல்லாத ஓர் அமெரிக்க அட்டவணையிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. கோபப்பட நேரமில்லை. அதற்கும் 'எம்' போட்டேன்.

ஏழு மணி சுமாருக்கு ஐந்து கோப்புகளும் திரையில் வந்தன.

ஹெட்போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளித் திண்ணைக்கு வந்துவிட்டேன். அவள் அம்மா பாடுவதை நான் பலமுறை கேட்டவள். மகள் கேட்பதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அலைச்சத்தம் வந்துகொண்டிருந்தது. நேரம் கழித்து அழுகைச் சத்தம் வந்தது, பிறகு அது பாட்டாக மாறியது. அம்மா பாடுவதோடு சேர்ந்து அவளும் பாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அதுவரை சாவு விழுந்ததில்லை. நான் தடுக்கவில்லை.

அழைத்தாள். போனில் ஐந்தையும் ஏற்றிக் கொடுத்தேன்.

"நாலு பாட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். எங்கம்மா பேரப் போட்டு எழுதுங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க." சற்று நிறுத்தினாள். "அஞ்சாவது மட்டும் வேணாம். உங்க மிஷின்லயும் வேணாம். அதுல வர்ற பேரெல்லாம் நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான் வரும், கருமாதிக்கு."

நான் ஆய்வாளர். அந்த ஐந்தாவது பாட்டு மாதிரி ஒன்றை நான் எங்கும் கேட்டதில்லை. என்னென்ன சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கலாம் என்று மனசு அரை நிமிடம் கணக்குப் போட்டது உண்மை. பெயர்களை மாற்றிவிடலாம், ஐம்பது வருடம் பூட்டி வைக்கலாம். பிறகு ரெக்கார்டரிலிருந்து அந்தக் கோப்பை அவள் கண் முன்னாலேயே அழித்தேன். கையால் எழுதிய பதினொரு பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்து அவளிடம் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டு இன்று என்னிடம் இல்லை. அது விடுபட்டதல்ல. உரியவள் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த மாலை தேவைப்பட்டது. ஐந்தாவது பாட்டு வேண்டாம் என்று சொன்னவள் அதை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள், காரணத்தோடு சொன்னாள், தன் பெயரில் சொன்னாள். நான் யூஎஸ்பி ஸ்டோரேஜுக்கு 'என்' போட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை.

*

இரவு அவள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் இருந்தேன். விருப்பப் பாடங்கள் அதிகமாகிவிட்டன, குறைக்க வேண்டும். எதை எடுப்பது என்று வாதாடி நேரம் போயிற்று. யாரோ ஒரு சுலபமான யோசனை சொன்னார்: இந்த வருடம் மாணவர்கள் எடுத்திருக்கும் பாடங்களை வைத்துக்கொள்வோம், யாரும் எடுக்காததை விட்டுவிடுவோம். நியாயமாகத்தான் பட்டது. அந்த வருடம் நாட்டார் பாடல்கள் பாடத்தை யாரும் எடுக்கவில்லை. அதை நடத்தும் ஆசிரியை அந்த வருடம் பிரசவ விடுப்பில் இருந்தார். யாரும் பகையாகப் பேசவில்லை. பாடத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தவள் நான்தான். அதற்குப் பின் வந்த மாணவிகளுக்கு அப்படி ஒரு பாடம் இருந்ததே தெரியாது. கேட்பதற்கு அவர்களிடம் ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக் கணினியில் இதற்குத் தீர்வு எளிது. பட்டியல் எடுப்பதற்கு முன், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை செருகிக் கழற்ற வேண்டும். ஒருநாள் பட்டியலை நம்பாமல், மாதக்கணக்கில் எது எது வந்து போகிறது என்று சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பழைய கெர்னல் ஒன்றை நீக்காமல் வைத்திருக்க வேண்டும். இப்போது என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ரெக்கார்டர், அச்சுப்பொறி, பழைய கேமரா, தங்கை மகளின் வரைபலகை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் பென்டிரைவ். அடுத்த கெர்னலுக்கு முன் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். நாட்டார் பாடல்கள், ஒப்பாரி, நான்கு பாட்டுகள். பாடியவர் பெயரைப் பாட்டுக்கு மேலே போட்டிருக்கிறேன். அவர் மகளிடம் காட்டி, எழுத்துப்பிழை இல்லை என்று கேட்டுக்கொண்டேன்.